14 மாதமாக இறக்காத லோடு

வாசகர் கடிதம்:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 39 வயது, 16 வருடமாக லாரி டிரைவர். போன வருடம் ஒரு ராத்திரி, ரோட்டில் லைட் போடாமல் நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் பின்னால் இவர் லாரி மோதிவிட்டது. கிளீனராகக் கூடப் போனது இவருடைய அக்கா மகன், 20 வயதுப் பையன். இடது பக்கம் முழுக்க நசுங்கி, அவனை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனதாம். அதுவரை “மாமா, மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டான். இவருக்குக் கை எலும்பு முறிந்ததோடு சரி.

14 மாதம் ஆகிறது. கை கூடிவிட்டது, ஆள் தேறவில்லை. ராத்திரியில் அலறி எழுகிறார். டீசல் வாசனை பட்டால் வியர்த்துக் கொட்டுகிறது. தெருவில் எந்தப் பிள்ளையாவது “மாமா” என்றால் முகம் வெளிறிவிடுகிறது. லாரி பக்கம் போவதில்லை, அக்கா வீட்டுக்கும் போவதில்லை. பையனின் முதல் வருடத் திதிக்குக்கூடப் போகவில்லை. பையனின் அம்மா, என் அண்ணி, இவர்மேல் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து “தம்பி சாப்பிட்டானா?” என்று கேட்பார். நான் “தூங்குகிறார் அண்ணி” என்று சொல்லிவிடுவேன்.

பயந்த கோளாறு என்று மந்திரித்துப் பார்த்தோம். தினம் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறார். ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஐந்து நிமிடத்தில் மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், விபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பத்து நாளில் இவர் அதை நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் “அந்தப் பேச்சையே எடுக்காதே, தானா மறந்துடும்” என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் தம்பி, கண்ணை அசைத்துச் செய்யும் வைத்தியம் ஒன்று இருக்கிறது என்கிறான். இது பைத்தியமா? மாத்திரை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா? மறுபடி லாரி ஓட்டுவாரா? சில நாள் “அவனுக்குப் பதிலா நான் போயிருக்கலாம்” என்று சொல்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். “நான் போயிருக்கலாம்” என்று அவர் சொல்லும்போது பேச்சை மாற்றாதீர்கள். “செத்துப் போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருப்பதே பலரைத் தடுத்திருக்கிறது. தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் இன்றைக்கே அவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். “ஆமாம், யோசித்தேன்” என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், விடியும்வரை காத்திருக்காமல், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இது பைத்தியம் இல்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற, பி.டி.எஸ்.டி. என்று நாங்கள் சொல்லும் நோய். தமிழில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம், யாரும் சொல்வதில்லை. உங்கள் ஊர் ‘பயந்த கோளாறு’ அதைவிடப் பொருத்தமான பெயர்தான். முதல் உலகப் போரில் குண்டுச் சத்தம் கேட்டு நடுங்கிய சிப்பாய்களிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்தார்கள், பலரைக் கோழை என்றும் நடிப்பு என்றும் ஒதுக்கினார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரோடு இடம்பிடித்தது. போருக்குப் போனவர்களுக்கு மட்டும் வருவதில்லை. 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இறந்தவரின் பக்கத்து சீட்டில் இருந்து பிழைத்தவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை தர நம் மாநிலத்தில் அரசுத் திட்டமே இருக்கிறது, நல்ல திட்டம். உங்கள் கணவருக்கு வந்திருப்பது அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகு தலைகாட்டுகிற நோய்.

பெரிய விபத்துக்குப் பின் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தானாக அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காவிட்டால்தான் இந்த நோயா என்று பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பதில் எல்லாம் இருக்கிறது: கனவாகவும் வாசனையாகவும் திரும்பத் திரும்ப வருவது, நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்ப்பது, தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது, சதா உஷாராக இருக்கும் உடம்பு. ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள். அன்றைக்குத் தலையில் அடிபட்டதா, கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியதா? ஆமென்றால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். மூளைக்காயத்தாலும் எரிச்சலும் மறதியும் வரும்.

“பேச்சை எடுக்காதே, மறந்துடும்” என்பவர்களுக்கு வருகிறேன். அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் அதுதான் இந்த நோய்க்குத் தீனி. உங்கள் கணவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அவசரத்தில் தாறுமாறாக ஏற்றி, கயிறு கட்டாமல் கிளம்பிய லோடு என்ன ஆகும்? ஒவ்வொரு வளைவிலும் சரியும். டிரைவர் வளைவே இல்லாத ரோடாகத் தேடிப் போவார், கொஞ்ச நாளில் வண்டியையே எடுக்க மாட்டார். அந்த ராத்திரியின் நினைவு இப்படித்தான் ஏற்றப்பட்டிருக்கிறது. சாதாரண நினைவுக்கு ‘இது நடந்தது, முடிந்தது’ என்ற தேதி இருக்கும். இதில் தேதி இல்லை. டீசல் வாசனை வந்ததும் அவர் உடம்புக்கு அந்த ராத்திரி இப்போது நடக்கிறது. லாரியை, அக்காவை, திதியை அவர் தவிர்க்கத் தவிர்க்க, ‘அதைத் தொட்டால் தாங்க மாட்டேன்’ என்பது உறுதியாகிக்கொண்டே போகிறது. லோடை இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக அடுக்கி, கயிறு கட்ட வேண்டும். இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்யும் சிகிச்சைகள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் இதைத்தான் செய்கின்றன.

அதற்காக வீட்டில் உட்காரவைத்து “சொல்லு, எல்லாத்தையும் கொட்டிடு” என்று கிளறுவதும் கூடாது. விபத்து நடந்த சில நாட்களிலேயே ஒரே ஒரு முறை உட்காரவைத்துப் பேசச் சொன்னால் நோய் வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களிடமே அதைச் செய்து, மூன்று வருடம் கழித்துப் பார்த்தார்கள். அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களின் நிலை, பேசவைக்கப்படாதவர்களைவிட மோசமாக இருந்தது. 2000ல் வெளியான ஆய்வு அது. யாரிடம், எப்படி, எத்தனை முறை, எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்த முறை ஒன்று உண்டு. வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் வரை, 8 முதல் 15 அமர்வுகள். முதல் இரண்டு அமர்வில் விபத்தைத் தொடவே மாட்டோம். நோய் என்னவென்று விளக்கி, மூச்சை நிதானப்படுத்தச் சொல்லித் தருவோம். அப்புறம் பயப் பட்டியல் போடுவோம். நான் டிரைவர்களிடம் “நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் பயம்?” என்றுதான் கேட்பது. நின்றிருக்கும் லாரியின் பக்கத்தில் நிற்பது 30 ரூபாய் என்பார். கேபினில் ஏறி உட்கார்வது 50. இன்ஜினை ஓடவிட்டு உட்கார்வது 65. இடது பக்க சீட்டைத் திரும்பிப் பார்ப்பது 90. குறைந்த தொகையில் தொடங்கி, ஒவ்வொன்றையும் பயம் பாதியாவது இறங்கும்வரை செய்ய வேண்டும். பாதியில் ஓடி வந்தால் பயம்தான் ஜெயித்தது என்றாகும். அரை மணி, முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தால் உடம்பு தானாகத் தணியும். மாத்திரையோ சாராயமோ இல்லாமல் தணிந்தது என்று உடம்பு தெரிந்துகொள்வது முக்கியம்.

இன்னொரு பக்கம், நினைவையே சொல்ல வைப்போம். கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல, முதலிலிருந்து கடைசிவரை. “டோல்கேட் தாண்டறோம். அவன் பாட்டு மாத்தறான்...” அதை அவர் செல்போனிலேயே பதிவு செய்து, தினமும் ஒரு முறை வீட்டில் கேட்கச் சொல்வோம். முதல் தடவை அழுவார், உடம்பு உதறும், பாதி விஷயத்தைத் தாண்டிப் போவார். நாலாவது, ஐந்தாவது முறையில் தாண்டிப் போனது வந்து சேரும். முக்கால் மணி நேரமும் பையனின் கையைப் பிடித்தபடி இருந்ததை ஒருவர் அப்படித்தான் கண்டெடுத்தார். “விட்டுட்டு ஓடிட்டேன்” என்றே வருடக்கணக்கில் நினைத்திருந்தவர் அவர். (வேறொருவர், வேறொரு விபத்து. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் கனவு கொஞ்சம் கூடலாம். அந்த நேரத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பிடித்து நிறுத்த முடியும்.

இரண்டாவது வழி, பட்ரீசியா ரெசிக் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த 12 அமர்வு முறை. இதில் சம்பவத்தை விவரிப்பதைவிட, அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவுகளைத்தான் அலசுவோம். உங்கள் கணவர் விஷயத்தில் இது தேவைப்படும் என்று நினைக்கிறேன். காரணம், இடது பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறது. கடைசி நேரத்தில் அவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்திருக்க வேண்டும். ‘என்னைக் காப்பாத்திக்கிட்டு அவனைக் குடுத்துட்டேன்’ என்று அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம். என் ஊகம்தான். ஆனால் இப்படித் தப்பித்த டிரைவர்களிடம் இதை அடிக்கடி கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் மனைவிக்குச் சொல்லாத விஷயமாக.

“உங்க தப்பு இல்லைங்க” என்று நீங்கள் நூறு முறை சொல்லியிருப்பீர்கள். ஏறாது. அந்தக் கணக்கை அவரே போட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண் பார்த்து கை அசையவே ஒன்று, ஒன்றரை விநாடி. லைட் இல்லாத வண்டி எத்தனை மீட்டரில் தெரிந்தது, மிச்சம் எவ்வளவு நேரம், அதற்குள் யாராவது யோசித்து ஆளைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொல்வோம். லைட் போடாமல் நிறுத்தியவருக்கு எவ்வளவு பங்கு, ராத்திரியோடு ராத்திரியாக லோடு சேர வேண்டும் என்றவருக்கு எவ்வளவு, இவருக்கு எவ்வளவு என்றும் பிரித்துப் பார்ப்போம். ஒருவேளை இரண்டு ராத்திரி தூங்காமல் ஓட்டியிருந்தார், கண் அசந்தார் என்றே இருக்கட்டும். அப்போது “தப்பே இல்லை” என்று பூசி மெழுக மாட்டோம். செய்த பிழைக்கும் நினைத்துச் செய்த கொலைக்கும் உள்ள தூரத்தை அவரே அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துக்கமே தொடங்கும். இத்தனை மாதமாக அவர் அந்தப் பையனுக்காக அழவே இல்லை என்றுதான் தோன்றுகிறது, பயந்துகொண்டும் பழி சுமந்துகொண்டும் இருந்திருக்கிறார்.

உங்கள் தம்பி சொன்னது இ.எம்.டி.ஆர். ஏமாற்று வேலை இல்லை. பிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987ல் தொடங்கியது. விபத்தின் ஒரு காட்சியை மனதில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013லேயே இதைப் பரிந்துரைத்திருக்கிறது. கண் அசைவுதான் குணமாக்குகிறதா, நினைவை நேருக்கு நேர் பார்ப்பதா என்று நிபுணர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. என் கட்சி இரண்டாவது. ஆனால் விலாவாரியாகப் பேச வாய் வராதவர்களுக்கு இது சௌகரியம். பயிற்சி பெற்றவர் கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

“இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு, நம் ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்களா?” என்ற சந்தேகம் வரும். எனக்கும் இருந்தது. படிப்பு முடித்த புதிதில் நானும் மாத்திரை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவன்தான். இலங்கையின் வடகிழக்கில் போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துப் பார்த்த தமிழ்க் குழந்தைகளிடம், உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறே அமர்வில் இந்த மாதிரி நினைவைக் கோத்துச் சொல்லும் சிகிச்சையைச் செய்து பார்த்தார்கள். 2009ல் வெளிவந்தது. பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒப்பிடுவதற்காகத் தியானமும் உடல் தளர்வும் மட்டும் சொல்லிக்கொடுத்த இன்னொரு குழுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறியது. அதனால் கோயிலுக்குப் போவதையும் மந்திரிப்பதையும் நான் கேலி செய்ய மாட்டேன். மனம் ஆறினால் நல்லதுதான், சிகிச்சையும் கூட நடக்கட்டும்.

சரி, மாத்திரை. இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்றவை இரண்டே இரண்டு: செர்ட்ரலின், பராக்சிடின். வென்லாஃபாக்சினும் பயன்படும். இவை தூக்க மாத்திரை இல்லை, பழக்கமாகி இழுக்கிற வகையும் இல்லை. ஆனால் போட்ட அன்றே ஒன்றும் தெரியாது. பலன் தெரியத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் பத்து நாளில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் படபடப்பும்தான் தெரியும். உங்கள் கணவர் நிறுத்தியது சரியாக அந்தப் பத்தாம் நாளில். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பார். இன்னொன்று, தாம்பத்திய ஆசையும் குறையலாம். ஆண்கள் இதற்காகவே சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றலாம். ஆயுளுக்கும் வேண்டாம். குணம் தெரிந்த பிறகு ஒரு வருடம்போல் தொடர்ந்து, மெல்லக் குறைத்து நிறுத்துவது வழக்கம். கெட்ட கனவுக்குப் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சிலர் தருவார்கள். 2018ல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த பெரிய ஆய்வில் அது தோற்றுவிட்டது. என் அனுபவத்தில் சிலருக்குக் கேட்கிறது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றும் என்பதால் கவனம் வேண்டும்.

மருந்துக்கடை தூக்க மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அட்டையைப் பாருங்கள், அல்பிரசோலாம், குளோனசெபாம், டயசெபாம் என்று ஏதாவது இருக்கும். அன்றைய ராத்திரியை அமுக்கித் தரும், அவ்வளவுதான். ‘பயம் தானாகத் தணியும்’ என்று உடம்பு கற்றுக்கொள்வதை இவை தடுக்கின்றன. பி.டி.எஸ்.டி.க்கு இவை வேண்டாம் என்று அமெரிக்க ராணுவ மருத்துவத் துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. சாராயத்தோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கலாம். ஆனால் நாளைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் போட்ட மாத்திரையையும் தினக் குடியையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். எவ்வளவு, எத்தனை நாளாக என்று உள்ளதை உள்ளபடி மருத்துவரிடம் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார். “முதலில் குடியை நிறுத்திட்டு வா, அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்” என்று யாராவது திருப்பி அனுப்பினால் இன்னொருவரைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும், பார்க்கவும் முடியும்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்தில் நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம். புறநோயாளி வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துப் பேச எந்த மருத்துவருக்கும் நேரம் இருக்காது. ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தவரின் நிலைமையும் அதுவாக இருந்திருக்கும். ஆகவே மாத்திரைக்கு மருத்துவர், பேச்சுச் சிகிச்சைக்குக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று இருவராக வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். “அந்த விபத்தைப் பற்றியே பேசிச் சிகிச்சை செய்வீர்களா, எத்தனை அமர்வு?” என்றும் கேளுங்கள். “பாசிட்டிவா நினைங்க” என்று தொடங்குபவராக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பிலும் இது நடக்கும். பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போய் ஒருமுறை காட்டிவிட்டு வருவதும் உங்கள் தம்பி அங்கே இருப்பதால் சுலபம்தான்.

லாரி ஓட்டுவாரா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். குடியும் தூக்க மாத்திரையும் இருக்கும்வரை எந்த வண்டியையும் தொடக்கூடாது, டூவீலர் உட்பட. தேறிய பிறகு “முடியும், ஆனால் வேண்டாம், வேறு தொழில் பார்க்கிறேன்” என்று அவர் சொன்னால் அதுவும் குணம்தான். எல்லோருக்கும் முழுக்கக் குணமாகும் என்று என்னால் எழுதித் தர முடியாது. பாதிச் சுமை இறங்கினாலே வீடு மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி அலறினால் தொட்டு உலுக்காதீர்கள், கை வீசிவிடுவார். லைட்டைப் போட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று, “நம்ம வீட்ல இருக்கீங்க, நான்தான்” என்று சொல்லுங்கள். மறுநாள் கனவில் என்ன வந்தது என்று விசாரிக்க வேண்டாம், அவராகச் சொன்னால் தடுக்கவும் வேண்டாம். நீங்கள் கடைசியாக எப்போது முழு ராத்திரி தூங்கினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அவரை அழைத்துப் போகும் அன்றைக்கே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்யும்போது “தூங்குகிறார்” என்று சொல்லாதீர்கள். உடம்பு சரியில்லை, ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லுங்கள். கூட வருகிறேன் என்று அவர் சொன்னால் வரட்டும், ஆனால் அதை உங்கள் கணவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.